முப்பத்தொரு கிலோ கேசட்

2023 ஜூன் 18, ஞாயிறு.

செவ்வாய்க்கிழமை எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. கேசட்டின் எடை முப்பத்தொரு கிலோ இருநூற்று நாற்பது கிராம் என்று குறித்திருந்தேன். அதில் இருநூறு கிராம் என் முழங்கை. தராசின் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு எண்ணைப் படித்திருக்கிறேன். மறுநாள் எங்கள் தபால் நிலையத்தின் மூத்த ஊழியர் டோனா ஐராசெமாதான் பார்த்துச் சொன்னார். சரியான எடை முப்பத்தொரு கிலோ நாற்பது கிராம். பழைய எண்ணை அடித்து, பக்கத்தில் திருத்தி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

கேசட் என்னவோ அறுபது நிமிடம் ஓடும் சாதாரணக் கேசட்தான், உள்ளங்கையில் அடங்கும். ஆனால் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மாலை வகுப்பு ஆசிரியர், ஊரில் நடந்த ஏதாவது ஒன்றைத் தேதிகளோடும் சொந்த அபிப்பிராயம் இல்லாமலும் எழுதி வரச் சொன்னார். மற்றவர்கள் தேவாலயத்தின் புதுக் கூரையைப் பற்றியும் கால்பந்து மைதானத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். தபால் நிலையத்தில் இரண்டாம் கவுன்டரில் வேலை செய்பவள் என்பதால் நான் இதை எடுத்துக்கொண்டேன். சரியான தேர்வுதானா என்று இன்னும் தெரியவில்லை.

1988ஆம் ஆண்டு எங்கள் ஊர் பெத்ரா ரோஷாவில், எடைமேடைத் தெருவில், பேக்கரிக்காரம்மாவின் மகன் அடெமாருக்குப் பதினேழு வயது. யாரோ நகலெடுத்து அனுப்பிய ஒரு மெட்டல் இசைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஃபின்லாந்து விலாசம் ஒன்று இருந்தது. அதற்கு அவன் கடிதம் எழுதினான். ஒன்பது மாதம் கழித்து ஒரு கேசட் வந்தது. வீட்டில் இருந்த ஒரே டேப் ரெக்கார்டர் அம்மாவுடையது; ஜெபமாலை கேட்பதற்காக வாங்கியது. உள்ளே ஓடும் ரப்பர் பட்டை அறுந்தபோது அடெமாரின் அப்பா சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையத்தை வெட்டிப் போட்டிருந்தார். அது கொஞ்சம் தளர்வு. நூறு சுற்று சுற்ற வேண்டிய நேரத்தில் எழுபதுதான் சுற்றும். ஜெபமாலை சொல்லும் பாதிரியாருக்குத் தீராத ஜலதோஷம் என்று அம்மா நினைத்து, அவருக்காகத் தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வந்தார். ஃபின்லாந்துக் கேசட்டை அதில் போட்டபோது, பூமிக்கு அடியிலிருந்து யாரோ பாறையைத் தின்றுகொண்டே பேசுவது போன்ற குரல் வந்தது. அந்த ஃபின்லாந்துக்காரன் சாதாரணமாகக் கத்தியிருந்தான், அவ்வளவுதான். இது அடெமாருக்குத் தெரியாது. டெத் மெட்டல் என்னும் உறுமல் இசை என்றால் இதுதான் என்று எடுத்துக்கொண்டு, அந்தக் குரல் தன் தொண்டையிலிருந்து வரும்வரை நான்கு மாதம் உறுமிப் பழகினான். முதல் மாதம் ரத்தம் வந்தது. இரண்டாம் மாதம் தெரு நாய்கள் பேக்கரிப் பக்கம் வருவதை நிறுத்தின. நான்காம் மாதம், 1989 ஏப்ரல் 2, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்குக் குரல் சரியாக வந்தது. அன்று அடுப்பிலிருந்த சீஸ் ரொட்டிகள் எல்லாம் உப்பாமல் தட்டையாகவே வெந்தன.

அவனோடு இன்னும் இரண்டு பேர். கிட்டாருக்கு வல்டெசிர், டிரம்ஸுக்கு ரொனில்டோ. குழுவுக்குத் 'துருப் பூசை' என்று பெயர் வைத்தார்கள். பேக்கரிக்குப் பின்னால் இருந்த மாவு அறையில்தான் வாசிப்பு. ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் மூன்று மணிக்குத் தொடங்குவார்கள். இடம் குறைவு. ரொனில்டோவின் இடப்பக்கம் ஓர் அலமாரி, அதில் ரொட்டித் தட்டுகள். அவன் இடது கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் முழங்கை ஒரு தகரத் தட்டில் பட்டு 'டிங்' என்றது. "முழங்கைய எடுடா!" என்று பாட்டுக்கு நடுவிலேயே, உறுமும் குரலிலேயே அடெமார் கத்துவான். "நான் எங்கடா எடுக்கிறது? உங்கம்மாகிட்டச் சொல்லி அலமாரிய எடு," என்பான் ரொனில்டோ. அம்மா எடுக்கவில்லை. 1990 மார்ச்சில் அதே டேப் ரெக்கார்டரில் நான்கு நிமிடம் பதினொரு விநாடி நீளத்தில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். டிங் சத்தமும் பதிவானது. கடைசியில், கருவிகள் எல்லாம் நின்ற பிறகு, அடெமார் "முழங்கைய எடுடா!" என்று ஒரு முறை உறுமியதும் பதிவானது. இன்னொரு முறை பதிவு செய்ய யாருக்கும் பொறுமை இல்லை.

அந்தக் கேசட்டோடு ஒரு தாளை வைத்து, அதில் அடெமார் விதிகளை எழுதினான். ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதே. உன் பாட்டு ஒன்றைச் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்பு. மற்றவர் பாட்டை அழிக்காதே. சேர்த்த பிறகு, பக்கத்துப் பாட்டைத் தொட்டுவிடவில்லையே என்று கேட்டுப் பார். உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுது. முதல் பெயர் அவனுடையது: 'அடெமார், பெத்ரா ரோஷா. இங்கே நாங்கள் மூன்று பேர் மட்டும்.' பொட்டலத்தின் மேல் ஒட்டிய தபால்தலைகளில் மெல்லிசாகச் சோப்பு தடவியிருந்தது. முத்திரை மையைத் தண்ணீரில் கழுவிவிட்டு அதே தபால்தலையை மறுபடி ஒட்டலாம். உலகம் முழுவதும் இப்படிக் கேசட் மாற்றிக்கொள்பவர்கள் அப்படித்தான் செய்தார்கள். 'என் தபால்தலைகளைத் திருப்பி அனுப்பு' என்பது அவர்கள் கடிதங்களின் கடைசி வரி. அப்போது கவுன்டருக்குப் புதிதாக வந்திருந்த டோனா ஐராசெமா சோப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதன் மேலேயே முத்திரை குத்தினார். எடை: தொண்ணூற்றிரண்டு கிராம். சிவப்புப் பதிவேட்டில் இருக்கிறது, நானே பார்த்தேன்.

கேசட் உலகத்தைச் சுற்றி வந்தது. 1993இல் திரும்பியபோது ஒன்பது பாட்டு, அறுநூற்று நாற்பது கிராம். 1998இல் இருபத்தொரு பாட்டு, மூன்று கிலோ. நாடா நீளவில்லை, தடிக்கவும் இல்லை. ஆனால் பாட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு முறையும் மாவு அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்கள். உலகத்தில் எவனும் தன் வேகத்துக்கு வரவில்லை என்பதில் ரொனில்டோவுக்கு அளவில்லாத சந்தோஷம். "இத்தன நாடு, ஒருத்தனுக்கும் கை எழும்பல பாத்தியா? எல்லாம் பாட்டிம்மா தாலாட்டு," என்றான். நூறுக்கு எழுபது சுற்றும் இயந்திரத்தில் உலகமே மெதுவாகத்தான் ஓடும் என்று மூவருக்கும் தோன்றவில்லை. அதேபோல, எழுபதில் பதிந்த தங்கள் பாட்டு வெளிநாட்டு இயந்திரங்களில் நூறில் ஓடும்போது என்னவாகும் என்பதும் தோன்றவில்லை. அது என்னவானது என்றால், போலந்திலும் பெருவிலும் இந்தோனேசியாவிலும் டிரம்ஸ் வாசிக்கும் பையன்கள், மனிதக் கை இவ்வளவு வேகமாக அடிக்குமா என்று திகைத்து, அந்த வேகத்தைப் பிடிக்க வருடக்கணக்கில் பயிற்சி செய்யத் தொடங்கினார்கள்.

இதற்கிடையே குழு மாறிக்கொண்டே இருந்தது. முதலில் நரகத்தைப் பற்றிப் பாடினார்கள். பிறகு, நரகத்துக்குப் போய்ப் பார்த்தவன் யாரும் இல்லை என்று சொல்லி, சுரங்கத்தைப் பற்றிப் பாடினார்கள். குழுவின் பெயரை வல்டெசிர் பேக்கரியின் பின்சுவரில் வரைந்திருந்தான். அதன் எழுத்துகளில் ஆண்டுக்காண்டு முள்ளும் வேரும் முளைத்து, 1995க்குப் பிறகு யாராலும் படிக்க முடியவில்லை. வேர்கள் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போய்விட்டதால், வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிக்க வேண்டியிருக்கிறது. 1996இல் தலைநகரத்துச் செய்தித்தாள் ஒன்று இந்த இசை செத்துவிட்டது என்று எழுதியது. அடெமார் அந்தப் பக்கத்தை வெட்டி, அதில் ரொட்டி மடித்துக் கொடுத்தான். 1997 ஜனவரி வெள்ளத்தில் குழுவின் மற்ற கேசட்டுகள் எல்லாம் போயின. 1999இல் வல்டெசிர், கிட்டாரில் கொஞ்சம் இனிமை வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியேறினான். இப்போது பெலோ ஒரிசோன்ச்சி நகரத்தில் அகலத் தொப்பி போட்டுக்கொண்டு கல்யாணங்களில் காதல் பாட்டு வாசிக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பத் தவறுவதில்லை. 2001 ஜனவரி மழையில் ரொனில்டோ மோட்டார் சைக்கிளோடு மலைச் சாலையிலிருந்து கீழே விழுந்து இறந்தான். முப்பது வயது. அடக்கத்தின்போது பாதிரியார் பேசி முடித்ததும், அடெமார் ஏதாவது சொல்வான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் பேக்கரிக்கு நடந்துவிட்டான். அன்று மூன்று மணிக்கு மாவு அறையில் அந்தத் தகரத் தட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவன் அம்மா பார்த்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நான்கு டிரம்மர்கள் வந்தார்கள். யாரும் தட்டில் இடிக்கவில்லை. எல்லாருமே கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்தார்கள். 2004இல் வந்த க்ளெய்டன் கச்சிதமான பையன், தாளத்தை எண்ணும் கருவி வைத்திருந்தான். அந்த ஆண்டு கேசட் ஒன்பது கிலோவாகத் திரும்பியபோது அவன்தான் டேப் ரெக்கார்டரைத் திறந்து பார்த்தான்.

"மாமா, இதுல சைக்கிள் டியூப் ஓடுது."

"தெரியும். எங்கப்பா போட்டது."

"மெதுவா ஓடுது மாமா. நூத்துக்கு எழுபதுதான். அந்த ஃபின்லாந்துக்காரன் உறுமவே இல்ல, சும்மா கத்தியிருக்கான். நீங்க பதினஞ்சு வருஷமா ஒரு ரிப்பேரான மிஷினப் பாத்துப் பாடியிருக்கீங்க."

அடெமார் மூடியை மறுபடி மாட்டிவிட்டு அடுப்புக்குப் போனான். எட்டாவது நாள், "ரிப்பேரா இருந்தா என்னடா, வந்தது குரல்தானே," என்று மட்டும் சொன்னான். க்ளெய்டன் புதுப் பட்டை வாங்கி வந்து கொடுத்தான். அது இன்னும் உறையோடு அலமாரியில் இருக்கிறது. 2008இல் க்ளெய்டனும் போனான். போகும்போது, "இந்த இசை செத்துடுச்சு மாமா, விடுங்க," என்றான். "செத்ததப் பத்தித்தான்டா பாட்டே," என்றான் அடெமார். அதோடு குழுவில் அவன் ஒருவன்தான் மிச்சம். அம்மாவும் அடுத்த ஆண்டு காலமானார். 2011இல் பத்தொன்பது கிலோவாகக் கேசட் வந்தபோது, பட்டியலில் தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'நாங்கள் மூன்று பேர்' என்பதை அடித்துவிட்டு, 'நான் ஒருவன்' என்று எழுதினான். அப்போதுதான் மற்றவர்களின் வரிகளையும் பார்த்திருக்கிறான். ஓஸ்லோவுக்கு வடக்கே ஒரு கிராமம்: இங்கே நான் ஒருவன்தான். போட்ஸ்வானாவில் ஒரு மாட்டுப் பண்ணை: இங்கே நான் ஒருவன்தான். நேபாளத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர், சிலியில் ஒரு கலங்கரை விளக்கக் காவலாளி, எல்லாரும் அதையேதான் எழுதியிருந்தார்கள். இன்று பட்டியலில் எழுபத்தொரு பெயர்கள். எண்ணிப் பார்த்தேன்: அறுபத்து நான்கு பேர் தனியாக இருக்கிறார்கள், ஆறு பேர் இரண்டு பேராக இருக்கிறார்கள். ஒரு வரியில் ஈரம் பட்டு எழுத்து கலைந்திருக்கிறது.

ரொனில்டோ இறந்த பிறகு அடெமார் கேசட்டில் முதல் பாட்டை மட்டும்தான் கேட்டான். கேசட் வரும், நான்கு நிமிடம் பதினொரு விநாடி கேட்பான், திரும்பச் சுற்றுவான், மறுபடி கேட்பான். இருபத்தொன்பது நாட்கள் அப்படிக் கேட்டுவிட்டு, முப்பதாம் நாள் அனுப்பிவிடுவான். ரொனில்டோவின் கை அந்த ஒரு பாட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் என்ன பாடியிருக்கிறார்கள் என்பதில் அவனுக்கு அக்கறை இல்லை. பேக்கரியைத் தனியாக நடத்தினான். குரல் மென்மையானது, வாடிக்கையாளர்கள் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். ஞாயிறு மூன்று மணிக்கு மட்டும் மாவு அறையில் தனியாக உறுமினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

இந்த மாதம் 13ஆம் தேதி, செவ்வாய், கேசட் ஃபாரோ தீவுகளிலிருந்து வந்தது. இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வரும் ஜனவரியில் ஓய்வு பெறப்போகும் டோனா ஐராசெமா எட்டிப் பார்த்தார். "வந்துட்டான் பாரு குட்டிச்சாத்தான். பன்னெண்டு வருஷமா ஊர் ஊரா நல்லாத் தின்னுட்டு வந்திருக்கான்." படிவத்தில் எடை இருபத்தொன்பது கிலோ தொள்ளாயிரம் என்று போட்டிருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். "அங்கயும் ஒரு ஐராசெமா இருந்திருப்பா பொண்ணே. கண்ண மூடிக்கிட்டு எழுதியிருப்பா," என்றார். எடை போட்டேன். அந்த எண்ணின் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

அடெமார் மாவு மூட்டை தள்ளும் வண்டியோடு புதன்கிழமை வந்தார். ஐம்பத்திரண்டு வயது, மாவு படிந்த கறுப்புச் சட்டை, அதில் குழுப் பெயரின் வெளுத்துப்போன முட்கள்.

"எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு நாப்பது," என்றேன்.

"அடுத்த ஆளுக்கு அனுப்ப முடியுமா?"

"முப்பதுக்கு மேல கம்ப்யூட்டர் சீட்டே அடிக்காது அடெமார்," என்றார் டோனா ஐராசெமா. "கண்ண மூடிக்க நான் ரெடி. தராசு அந்த மிஷினோட பிணைஞ்சு கிடக்கு, அது கண்ண மூடணுமே. சோப்புத் தடவின ஸ்டாம்ப எத்தன வருஷம் கண்டுக்காம விட்டேன், சொல்லு."

"அதுக்குத்தான் வாரம் ரெண்டு டஜன் சீஸ் ரொட்டி தின்னீங்க."

"அதுல உப்பு கம்மி. முப்பத்துமூணு வருஷமா சொல்றேன், கேட்டியா?"

அடுத்த ஆள் பொலிவியாவில், ஓருரோவில் இருக்கும் ஒரு நர்ஸ். பெயர் நில்டா கொண்டோரி. மார்ச் மாதமே அடெமாருக்குக் கடிதம் எழுதியிருந்தார்: 'இந்த ஊரில் இதைக் கேட்பவள் நான் ஒருத்திதான். இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன். உங்களுக்கு அடுத்தது நான்தான் என்கிறார்களே?' கடிதம் அடெமாரின் சட்டைப் பையில் இருந்தது. பிளாஸ்டிக் பெட்டியையும் பட்டியலையும் தனியாக எடுத்துப் பார்த்தோம்: எழுபது கிராம் குறைந்தது. ஐந்து திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தோம்: மூன்று கிராம். இன்னும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியது. திருகாணிகளை மறுபடி மாட்டினேன். ஏதாவது ஒரு பாட்டை அழித்தால்தான் கேசட் போகும். மற்றவர் பாட்டை அழிக்கக்கூடாது என்பது விதி. விதியை எழுதியவரே கவுன்டருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் அழிக்கக்கூடிய பாட்டு கேசட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று சொன்னது நான். அன்று மாலை வகுப்புக்குப் போகும் வழியில் பேக்கரிக்குப் போய் என் ஃபோனில் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தால் ஊர் வழியாக இரும்புத்தாது ரயில் போகும் சத்தம் மட்டும் இருந்தது. மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை பெட்டிகளை எண்ண முடிந்தது: நூற்று அறுபத்தெட்டு. "2011லயே பாத்துட்டேன் கெய்லா. அது நகல்ல வராது," என்றார் அடெமார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பேக்கரி வழக்கம்போல் திறந்திருந்தது. சனிக்கிழமை ரொட்டியில் உப்பு அதிகம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் கவுன்டரை மூடும் நேரத்தில் வந்து, ஞாயிறு மூன்று மணிக்குத் தராசோடு வர முடியுமா என்று கேட்டார். பேக்கரித் தராசு பதினைந்து கிலோவுக்கு மேல் காட்டாதாம். டோனா ஐராசெமா எடுத்துப்போகக்கூடிய சின்னத் தராசை ஒரு படுக்கை விரிப்பில் சுற்றிக் கொடுத்தார். "நான் குடுத்ததா யாருக்கும் சொல்லாத. உடைச்சுட்டா மட்டும் சொல்லு," என்றார்.

இன்று மூன்று மணிக்குப் போனேன். மாவு அறையில் டிரம்ஸ் அப்படியே இருந்தது, துணி போட்டு மூடியிருந்தார். அலமாரி, தட்டுகள், டேப் ரெக்கார்டர். கடைசியாக ஒரு முறை பாட்டைப் போட்டார். எனக்கு இந்த இசை பிடிக்குமா என்று தெரியவில்லை. சுவரில் இருந்த மாவு மெதுவாக உதிர்ந்து விழுந்தது. டிங் சத்தத்தை எண்ணினேன்: முப்பத்தெட்டு. கடைசியில் பதினெட்டு வயது அடெமார் உறுமினார்: "முழங்கைய எடுடா!" ஐம்பத்திரண்டு வயது அடெமார் உதட்டை மட்டும் அசைத்தார். பிறகு தொடக்கத்துக்குச் சுற்றினார்.

"ஏன் மாமா, நீங்க மட்டும் பாடி அது மேல பதியலாமே?"

"அது கனக்கும்," என்றார். "நீ பேசாத. இருமாத. நாலு நிமிஷம் பதினோரு செகண்ட்."

பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, போர்த்தியிருந்த டிரம்ஸைப் பார்த்தபடி நின்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ரயில் எதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள்; அது பதிவாகியிருக்கலாம். இரண்டாம் நிமிடத்தில் அவர் இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டார். சரியாக நேரம் ஆனதும் ஒரு கையை வெளியே எடுத்துப் பொத்தானைத் தட்டினார். கேசட்டைப் பெட்டியோடும் பட்டியலோடும் தராசில் வைத்தோம். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் எண்ணைப் படித்தேன், இரண்டு முறை. இருபத்தொன்பது கிலோ எழுநூற்றுப் பத்து. ரொனில்டோவின் எடை ஒரு கிலோ முந்நூற்று முப்பது கிராம் என்று ஆகிறது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எண் என்பதால் எழுதியிருக்கிறேன்.

விதிப்படி பக்கத்துப் பாட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கேசட்டை மறுபடி போட்டார். மௌனம் ஓடியது, முடிந்ததும் இரண்டாம் பாட்டு, சேதமில்லாமல், தாலாட்டு வேகத்தில் வந்தது. அவர் தலையசைத்தார். நான் தராசை விரிப்பில் சுற்றி எடுக்கத் திரும்பினேன். அப்போது என் முழங்கை டேப் ரெக்கார்டரில் பட்டு, வேகமாக முன்னே சுற்றும் பொத்தான் அழுந்திவிட்டது. நாடா கீச்சிட்டுக்கொண்டு ஓடியது. நான் பதறி அந்தப் பொத்தான் இந்தப் பொத்தான் என்று அழுத்தியதில் அது நிற்கவே இல்லை.

"முழங்கைய எடு..." என்று அவர் அதட்டியபடி வந்து பொத்தானைத் தூக்கிவிட்டார். கேசட் ஏதோ ஒரு பாட்டின் நடுவில் ஓடத் தொடங்கியது. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. டிங். நான்கு டிரம் அடி தள்ளி மறுபடி டிங்.

"அழியலியா?" என்றார் என்னைப் பார்த்து. கேசட்டை வெளியே எடுத்தார், தொடக்கத்துக்குச் சுற்றினார், கேட்டார். மௌனம்தான் இருந்தது. மறுபடி முன்னே சுற்றினார். பட்டியலை விரித்து நான் எண்ணினேன். ஐம்பத்தெட்டாம் பாட்டு, இந்தோனேசியா, பண்டுங். ஐம்பத்தொன்பது, போலந்து. அறுபது, பெரு. ஒவ்வொன்றிலும் அதே கை, அதே வேகம், அதே இடத்தில் தகரத் தட்டு. அந்த ஊர்களில் மாவு அறை இல்லை, அலமாரி இல்லை. இருந்தாலும் அந்த டிரம்மர்கள் எல்லாரும் இடப்பக்கம் ஒரு தகரத்தைத் தொங்கவிட்டு, வேண்டுமென்றே முழங்கையால் இடித்திருக்கிறார்கள். நூறில் ஓடிய ரொனில்டோவைப் பிடிக்க அவர்கள் முப்பது வருடம் பழகியிருக்கிறார்கள், பிடித்தும்விட்டார்கள். அது எழுபதில் ஓடும் இந்த இயந்திரத்துக்கு வந்ததும் சரியாக ரொனில்டோவின் வேகத்துக்கு இறங்கிவிட்டது. காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன், சரியாக வருகிறது. இதை விளக்கம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை.

அடெமார் ஒரு மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று. அறுபத்து மூன்றாம் பாட்டு முடிந்து எல்லாக் கருவிகளும் நின்ற பிறகு, எங்கோ ஓர் ஊரில், நம் மொழியில் ஒரு சொல்லும் தெரியாத ஒருவன், அது நரகத்தின் சாபம் என்று நம்பிக்கொண்டு, நாக்கு புரளாமல் உறுமினான்: "முழாங்கயே எடுதா!"

அடெமார் சிரித்தாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சத்தம் வரவில்லை, தோள் குலுங்கியது.

"எடுக்க மாட்டான்," என்றார் டேப் ரெக்கார்டரிடம். "சொன்னாக் கேக்கவே மாட்டான் அவன்."

ஐந்தரைக்கு வெளிச்சம் குறையத் தொடங்கியது. நான் தராசை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் முதலிலிருந்து, இரண்டாம் பாட்டிலிருந்து, எல்லாவற்றையும் கேட்கப் போவதாகச் சொன்னார். மொத்தம் எழுபது பாட்டு; ஐந்து மணி நேரமாவது ஆகும். தெருமுனை வரை டிங் சத்தம் கேட்டது. பின்சுவரில் வேர்கள் சாக்கடை வரை வந்துவிட்டன. கத்தரிக்கச் சொல்ல வேண்டும். இனி அந்தக் கேசட் நான்கு நிமிட மௌனத்தோடு தொடங்கும். அடுத்த சுற்றில், நில்டாவையும் சேர்த்து, எழுபத்திரண்டு ஊர்க்காரர்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளக்கூடும், பாத்திரம் கழுவும் சத்தம் உட்பட. இது ஊகம். ஆசிரியர் கேட்டால் அடித்துவிடுகிறேன்.

நாளை திங்கள். காலை எட்டு ஐம்பதுக்கு மாவு வண்டியில் பொட்டலம் வரும். கை படாமல் எடை போட வேண்டும். பிறகு பொலிவியாவுக்கான சுங்கப் படிவம், மூன்று பிரதி. பொருள் என்ற கட்டத்தில்: கேசட், ஒன்று.